இன்றைக்கு எந்தக் குப்பத்துப் பாடு?

போன மாதம் உங்கள் புது அலுவலகத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். காபி நன்றாக இருந்தது. ஆனால் நான் அங்கே இருந்த நேரம் முழுக்க, எந்த மொழியில் ப்ரோக்ராம் எழுதுவது, எந்தத் தளத்தில் வைப்பது என்று நீங்கள் நாலு பேரும் போட்ட சண்டையைக் கேட்டுப் பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வேகம் என்றார். ஒருவர், நாளைக்கு லட்சம் பேர் வந்தால் தாங்குமா என்றார். இன்னும் ஒருத்தர்கூட வரவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பாதி காபி மிச்சமிருந்தது.

இப்போது சொல்கிறேன். உங்கள் வயதில் நானும் இதே சண்டையைப் போட்டவள்தான். அலுவலகத்தில் அல்ல, பழவேற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். அதை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் கம்பெனி என்றால் நானும் சேகரும்தான். நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். நைனாவும் அண்ணன் வேலுவும் வலை போடுகிறவர்கள். நான் மெட்ராஸில் கணக்குப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். சேகர் காட்டூர்க்காரன், என்னோடு படித்தவன், நெல் விளைவிக்கும் வீட்டுப் பையன். அவனுக்கு பாங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அவன் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். அவனுடைய அப்பா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட அதைச் சொல்லிவிடுவார்.

அந்த வேலையை விட்டுவிட்டு அவன் வரவில்லை. சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இறால் சீசன் முடியும்போது லீவும் முடியும். அதற்குள் ஒரு வாடிக்கையாளராவது கிடைத்தால் கம்பெனி, கிடைக்காவிட்டால் அவன் பாங்குக்குத் திரும்பிவிடுவான். அவன் போனால் நான் ஒருத்தி என்ன செய்வது? கடையைக் கட்டிவிட்டு எங்கேயாவது டியூஷன் எடுக்க வேண்டியதுதான். இது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

கிடைக்கவிருந்த அந்த ஒரே வாடிக்கையாளர், இறால் ஏற்றுமதி செய்யும் மெட்ராஸ் முதலாளி ஒருவர். அவருடைய தலைவலி ஐஸ். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். அந்த இடங்களில் வலை போடும் முறைக்குப் பாடு என்று பெயர். எல்லோரும் ஒரே நாளில் போய் விழுந்தால் அடிதடிதான். அதனால் மூன்று குப்பங்களும் முறை வைத்திருந்தன. சீசன் தொடங்கும்போது பெரியவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு வரிசையை முடிவு செய்வார்கள். இன்றைக்கு வடக்குக் குப்பம், நாளைக்கு எங்கள் குப்பம், அதற்கு மறுநாள் தெற்குக் குப்பம். எந்தக் குப்பத்துக்குப் பாடோ அவர்கள் ராத்திரி வலை போடுவார்கள், அந்தக் குப்பத்துக் கரையில்தான் மறுநாள் காலையில் இறால் குவியும். பார் என்று சொல்லும் ஐஸ் கட்டிகளோடு லாரி அந்தக் கரையில் தயாராக நிற்க வேண்டும். தவறினால் இறாலின் தலை கருத்துப்போகும். தலை கருத்த இறாலை வெளிநாட்டுக்காரன் தொடமாட்டான்.

லாரி தப்பான கரைக்குப் போவதும், கொஞ்சம் ஐஸ் வேண்டிய இடத்தில் வண்டி நிறைய ஐஸ் உருகி ஓடுவதும் வாடிக்கையாக இருந்தது. முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“எவனையும் கேக்கக் கூடாதும்மா. பட்டனைத் தட்டினா, நாளைக்கு எந்தக் கரைக்கு எத்தனை பார் ஐஸுன்னு அது சொல்லணும். ஆளைக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றான்.”

சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். இதே வேலைக்கு மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியையும் பேசியிருக்கிறாராம். இந்த சீசன் முழுக்க இரண்டு லாரி ஓடும். ஒன்று அவர்கள் சொல்படி, ஒன்று நாங்கள் சொல்படி. யாருடைய லாரியில் வரும் இறால் கெடாமல் வருகிறதோ அவர்களுக்கே இந்தக் கடற்கரையில் அவருக்கு இருக்கும் எல்லாக் கிடங்குகளின் கணக்கு வேலையும். பெரிய கம்பெனியின் பெயரைக் கேட்டதுமே சேகருக்கு முகம் தொங்கிவிட்டது.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் சண்டை தொடங்கியது. சேகர் பெரிய மெஷின் வேண்டும் என்றான். மெட்ராஸில் வாடகைக்கு நேரம் கொடுப்பார்கள். முழுதாக எழுதிக் கொடுத்தால் மெஷின் அதைத் தன் பாஷைக்கு மாற்றிக் கட்டி வைத்துக்கொள்ளும். வேகமாக ஓடும், யாரும் கைவைத்துக் கெடுக்க முடியாது. போட்டிக் கம்பெனியும் அப்படித்தான் செய்தது. நான் சின்ன மெஷின் போதும் என்றேன். மேஜை மேல் உட்காருகிற பி.சி., அதில் பேசிக் (BASIC) என்ற மொழி. மெதுவாகத்தான் ஓடும். ஒருநாள் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஆனால் ஒரு வரியை மாற்றினால் அந்த நிமிஷமே ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் பழவேற்காட்டிலேயே உட்கார்ந்து.

“அது பசங்க வெளையாடற பாஷை மல்லிகா,” என்றான் சேகர். “அதுல போய் கம்பெனி நடத்தறதா?”

“பெரிய மெஷின்ல ஒரு தப்பைத் திருத்த எத்தனை நாள் வரிசையில நிக்கணும்?”

“தப்பே இல்லாம எழுதறேன்.”

“நம்ம தப்பைச் சொல்லலை. உலகம் மாறினா?”

“மூணு குப்பம், மூணு நாள். இதுல மாற இன்னா இருக்குது?”

குப்பத்தில் பிறந்தவள் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். திருப்பாலைவனம் தாண்டும்வரை பேசிப் பேசி அவன் களைத்துப்போனான். நான் களைக்கவில்லை. அப்படித்தான் சின்ன மெஷின் தேர்வானது. உங்கள் கூட்டங்களிலும் பாதி முடிவு இப்படித்தான் எடுக்கப்படுகிறது, இல்லையென்று சொல்லாதீர்கள்.

மெஷினை வைக்க ஐஸ் கிடங்கை ஒட்டிய அறையைக் கொடுத்தவர் காதர் பாய். கிடங்குப் பொறுப்பு அவருடையது. பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பம், நாலு பாஷை பேசுவார், ஒரே நேரத்தில் இரண்டு ஆட்களைத் திட்டுவார். கிடங்கில் ஜெனரேட்டர் இருந்ததால் கரண்ட் போனாலும் கவலையில்லை. உப்புக் காற்றுக்காக மெஷினுக்கு ஓர் உறை தைத்துப் போட்டோம். பாய் அதை “புதுப் பொண்ணு” என்று கூப்பிடுவார். வருகிறவர் எல்லாம் உறையைத் தூக்கிப் பார்க்கக் கேட்டால், “உஷார், உஷார், தொடாதே!” என்று விரட்டுவார்.

முதலில் சில வாரங்கள் இரண்டு லாரியும் ஒரே கரைக்குத்தான் போயின. இரண்டும் சரியாகத்தான் போயின. ஆனால் போட்டிக்காரர்களின் காகிதம் அகலமாக, கோடு போட்டு, வாரத்துக்கு ஒருமுறை மெட்ராஸிலிருந்து கட்டாக வந்து இறங்கும். எங்களுடையது கரகரவென்று சத்தம் போடும் பிரிண்டரில் வந்த சின்னச் சீட்டு. முதலாளி அவர்களுடையதை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, எங்களுடையதைச் சட்டைப் பையில் மடித்துப் போட்டுக்கொள்வார். சேகர் அதைக் கவனித்தான். “ரெண்டும் ஒண்ணுதான்னா அவர் பெருசைத்தான் எடுப்பாரு,” என்றான். லீவு கரைந்துகொண்டிருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. புயல் அதை வேறோர் இடத்தில் உடைத்துத் திறந்துவிட்டது. ஏரிக்குள் நீரோட்டம் திரும்பியது. பழைய பாடு இடங்களில் இறால் இல்லை, புது இடங்களில் துள்ளியது. தெற்குக் குப்பத்தின் வலைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் காலை மூன்று குப்பத்துப் பெரியவர்களும் கூடினார்கள். உச்சிவெயிலில் அண்ணன் வேலு நேராக எங்கள் அறைக்கு வந்தான். லுங்கியெல்லாம் சேறு.

“இன்னாம்மா, உன் மிஷினுக்கு சேதி தெரியுமா?”

“இன்னா சேதி?”

“பழைய வரிசை கெடையாது. இன்னிலேர்ந்து பாடு தெக்குக் குப்பத்துக்குத்தான். நாளைக்கும் அவங்களுக்குத்தான். நாளான்னிக்கும்.”

சேகர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “எத்தினி நாளைக்குண்ணே?”

“தேர்ற வரைக்கும். வலை பூட்ச்சி இல்ல? புது வலை கட்டித் தேறிட்டோம்னு அவங்க சொல்ற வரைக்கும் பாடு அவங்களுக்கு. அப்புறம் புதுசா சீட்டு.”

“தேறிட்டாங்கன்னு யாரு முடிவு பண்றது?”

“அவங்கதான்.” அண்ணன் சேகரை விநோதமாகப் பார்த்தான். “வேற யாரு?”

எங்கள் குப்பங்களில் இது பழைய வழக்கம். யாரும் அதை விதி என்று நினைப்பதில்லை. அடிபட்டவன் எழுந்து நிற்கும்வரை மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். எனக்கு அந்த இடத்தில் கர்வம் பொங்கியது. சேகருக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் எங்கள் ப்ரோக்ராமும் மூன்று நாள் வரிசையைத்தான் உள்ளே வைத்திருந்தது. அது வடக்குக் குப்பத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலத்துக்குள் போஸ்ட் ஆபீஸிலிருந்து பொன்னேரி ஐஸ் ஆலைக்குப் போன் போட்டுச் சொல்லியாக வேண்டும்.

சேகர் பேப்பரை எடுத்து எழுதத் தொடங்கினான். புயலுக்கு ஒரு விதி, வலை போனதற்கு ஒரு விதி, எத்தனை வலை போனால் எத்தனை நாள் என்று ஒரு கணக்கு. நல்ல மூளை அவனுக்கு. சாயங்காலம் என்ன, பொங்கல் வரை எழுதியிருப்பான். எழுதி முடித்தாலும் தெற்குக் குப்பத்துக்காரன் மனதில் இருப்பது அதில் வராது.

நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். வரிசையைக் கணக்கிடும் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். “இன்னா பண்றே?” என்று சேகர் கத்தினான். அழித்த இடத்தில் ஒரே ஒரு வரி போட்டேன். மெஷினுக்குத் தமிழ் தெரியாது, அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். இனி தினமும் மெஷின் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: இன்றைக்கு எந்தக் குப்பத்துப் பாடு? பதில் போட்டால்தான் மேலே கணக்குப் போடும்.

“யாரையும் கேக்கக் கூடாதுன்னு முதலாளி சொன்னாரு!”

“சொன்னாரு.”

“கேட்டுத் தெரிஞ்சிக்கிறதுக்கு மிஷின் எதுக்கு? பாயே போன் பண்ணிடலாமே?”

“எங்கேன்னு பாய் சொல்வாரு. எத்தனை பார்னு சொல்வாரா? அமாவாசைக்கு எவ்ளோ விழும், நேத்து விழுந்ததுக்கு இன்னிக்கு எவ்ளோ, அதெல்லாம் மிஷின் சொல்லட்டும். மனுஷங்க கூடி முடிவு பண்றதை மனுஷங்களைக் கேக்கலாம், சேகர். அது அவமானம் இல்ல.”

“இதுல தோத்தா நான் பாங்குக்குப் போறேன்,” என்றான். கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான்.

காதர் பாய் இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னாமா, புதுப் பொண்ணு என்னைக் கேள்வி கேக்கப் போவுதா?” என்று உள்ளே வந்து, ஒற்றை விரலால் தெற்கு என்று அடித்தார். நாங்கள் மூவரும் டீ குடித்து முடித்தபோது பிரிண்டர் சத்தம் போட்டது. தெற்குக் கரை, இத்தனை பார் ஐஸ். பாய் சீட்டைக் கிழித்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸுக்கு ஓடினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது இதுதான். அன்று எங்களைக் காப்பாற்றியது என் மூளை அல்ல. சேகர் என்னைவிட புத்திசாலி. அவன் கேட்ட மொழியும் என்னுடையதைவிட உசத்திதான். பிற்பாடு வேலை பெருகியபோது அதற்கே மாறினோம், அப்போது அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளரின் உலகம் எப்படிப்பட்டது என்று தெரியாத ஆரம்ப நாட்களில், வேகத்தைப் பார்க்காதீர்கள், அழகைப் பார்க்காதீர்கள். நீங்கள் நினைத்தது பொய் என்று தெரிந்த அன்றைக்கே, தெரிந்த இடத்திலேயே உட்கார்ந்து மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அது எவ்வளவு மட்டமான கருவியாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும்.

மறுநாள் காலையில் முதலாளியே அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார். புயலுக்குப் பிறகு ஏரியைப் பார்க்க வந்தவர், வழியில் முதலில் வடக்குக் கரைக்குப் போயிருக்கிறார். அங்கே போட்டிக்காரர்களின் லாரி நின்றிருக்கிறது. ஆள் இல்லை, படகு இல்லை, இறால் இல்லை. ஐஸ் உருகி மணலில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிரைவர் அகலக் காகிதத்தைக் காட்டி, “பேப்பர்ல இப்டித்தான் போட்டுக்குது சார்,” என்றிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காகிதம் புயலுக்கு முன்பே அச்சாகிவிட்டது.

அடுத்து தெற்குக் கரைக்கு வந்தார். அங்கே எங்கள் லாரி, அதன் பக்கத்தில் நானும் சேகரும், சுற்றி ஜனம், கூடை கூடையாக இறால். உடைத்த ஐஸை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய வலைகளை வைத்துக்கொண்டே அவ்வளவு பிடித்திருந்தார்கள். முதலாளி ஓர் இறாலைத் தூக்கித் தலையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

“உன் மிஷினுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“தெரியாது சார். கேட்டுது.”

“யாரை?”

“பாயை.”

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. “நான் யாரையும் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார். கேக்காத லாரி வடக்குக் கரையில நிக்குது.”

சேகர் என் பின்னால் இருமினான். முதலாளி, தெற்குக் குப்பம் தேறும்வரை பாடு அவர்களுக்கே என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் கூடை தூக்கிக்கொண்டு போன தெற்குக் குப்பத்துக்காரர் ஒருவரை நிறுத்தினார். “தேறிட்டோம்னு நீங்க எப்பய்யா சொல்வீங்க? சொல்லாமலே இருந்துட்டா?”

அந்த மனிதர் கூடையை இறக்கக்கூட இல்லை. “சொல்லிடுவோம் மொதலாளி. இன்னொருத்தன் மொறையை எத்தினி நாளைக்குத் துன்றது?” என்றுவிட்டு நடந்தார்.

முதலாளி எங்கள் அறைக்கு வந்து மெஷின் எதிரில் உட்கார்ந்தார். சோதித்துப் பார்க்கிற பார்வை. “நண்டும் வருது. நண்டுக்கும் ஐஸ் வேணும். அதை இதுல சேர்க்க எத்தனை நாளாகும்? அவங்களைக் கேட்டா மெட்ராஸ் போய் வரிசையில நிக்கணும்னு சொல்றாங்க.”

நான் பாயைப் பார்த்து, “பாய், எல்லாருக்கும் டீ சொல்லுங்க,” என்றேன். விசைப்பலகையை சேகர் பக்கம் தள்ளினேன். வேண்டுமென்றேதான் தள்ளினேன். பசங்க விளையாடுகிற பாஷையில் அவன் விரல்கள் ஓடின. டீ வந்து ஆறுவதற்குள் நண்டு உள்ளே வந்துவிட்டது. பிரிண்டர் கரகரத்தது. முதலாளி அந்தச் சின்னச் சீட்டைக் கிழித்து, இந்த முறை மடிக்காமல் கையில் வைத்துப் படித்தார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.

“எல்லாக் கிடங்கும் உங்களுக்குத்தான்,” என்றார்.

பாய் “அல்ஹம்துலில்லாஹ்” என்று மேஜையைத் தட்டினார். டீ கொட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

“ஒண்ணு மட்டும்,” என்றார் முதலாளி. சேகரைப் பார்த்தார். “தம்பி, நீங்க பாங்க்ல லீவுல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். லீவுல இருக்கிற ஆளை நம்பி எப்படி என் கிடங்கையெல்லாம் குடுக்கிறது?”

அவர் கேட்டது நியாயம். நான் சேகரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். அவனுடைய அப்பா பஸ்ஸில் பேசுகிற பேச்சு எனக்குத் தெரியும். எனக்காக அவன் அதை விடக் கூடாது, எனக்குத் தெரிந்து அவன் யாருக்காகவும் எதையும் விடுகிறவனும் இல்லை.

சேகர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். “பாய், போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரலாமா?”

“ஐஸுக்கா?”

“இல்ல. பாங்குக்குத் தந்தி. வேலைய விட்டுட்டேன்னு.”

“ஜல்தி வா,” என்று பாய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். முதலாளி சிரித்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். போஸ்ட் ஆபீஸில் தந்திப் படிவத்தை வாங்கியவர் வாசகத்தைப் படித்துவிட்டு, “நெஜமாவா தம்பி? பாங்க் வேலையாச்சே,” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சேகர், “அனுப்புங்க சார்,” என்றான்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், “உங்க நைனாகிட்ட இன்னா சொல்லப் போறே?”

“இனிமே பஸ்ஸுல, எம் பையன் சொந்தமா கம்பெனி வெச்சிருக்கான்னு சொல்லிக்கச் சொல்றேன்,” என்றான். சிரித்துக்கொண்டிருந்தான்.

இதற்குப் பிறகு எத்தனையோ மெஷின், எத்தனையோ மொழி வந்து போய்விட்டன. எங்கள் கம்பெனி எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால், பதிவு செய்த நாளைச் சேகர் சொல்வான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் கம்பெனியில் இருந்தது நான் ஒருத்தியும், லீவில் வந்த ஒரு விருந்தாளியும்தான். அந்தத் தந்தி போன பிறகுதான் நாங்கள் இரண்டு பேர் ஆனோம்.